கைத்தொலைபேசியின் தலைமுறைகளும் நமது கல்லாப்பெட்டியும்



படிக்கல் ஊருக்கு ஊர் மாறினால் வியாபாரம் எப்படி நடக்கும்? கைத்தொலைபேசி விஷயத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக நடந்து வருவது அதுதான். அந்த மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

1991-ல் பின்லாந்தில் ஜி.எஸ்.எம். என்ற முறை தொடங்கிற்று. சிம் அட்டையைக் கழற்றி வேறு கருவியில் போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய சௌகரியம். 1995-ல் ஹாங்காங்கில் சி.டி.எம்.ஏ. என்ற போட்டி முறை வியாபாரத்துக்கு வந்தது. அமெரிக்காவிலும் பின்னர் இந்தியாவிலும் இதை எடுத்துக்கொண்ட கம்பெனிகள், எண்ணைக் கருவிக்குள்ளேயே பதித்து விற்றன. கம்பெனியை மாற்றினால் கருவியையும் மாற்ற வேண்டும்.

4ஜி வந்தபோது மறுபடியும் அதே சண்டை. மலேசியாவில் 2008-லேயே வைமாக்ஸ் முறையில் இணையச் சேவை வந்துவிட்டது. எல்.டி.இ. முறையோ 2009 டிசம்பரில்தான் ஸ்டாக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் தொடங்கிற்று. ஆயினும் உலகக் கம்பெனிகள் இதன் பக்கமே சாய்ந்தன. வைமாக்ஸ் சாதனம் வாங்கியவர்களிடம் மிஞ்சியது வெறும் பெட்டி. முந்திக்கொண்டவன் ஜெயிப்பான் என்ற நமது கணக்கு இங்கே பலிக்கவில்லை.

இனி நம்மைத் தொடும் விஷயத்துக்கு வருவோம். காற்றில் அலைவரிசைக்கு அளவு உண்டு. பழைய தலைமுறையை மூடினால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும். சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் 2ஜியை மூடிற்று. மலேசியாவோ 2ஜியை வைத்துக்கொண்டு, 2021 கடைசியில் 3ஜியை மூடிற்று. 2024-ன் பிற்பகுதியில் சிங்கப்பூரிலும் 3ஜி மூடலாயிற்று.

பாலத்துக்கு இப்புறமும் அப்புறமும் இப்படி வேறுபட்டதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய 4ஜி கருவிகள் பலவற்றில் படமும் செய்தியும் 4ஜியில் வரும்; பேச்சு மட்டும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் போகும். ஜொகூரில் அது 2ஜியில் இறங்கிப் பேசிவிடும். சிங்கப்பூரில் இறங்க இடமில்லை. 4ஜியிலேயே பேசும் வசதிக்கு வோல்ட்டீ என்று பெயர். அது கருவியில் இருந்தாலும் போதாது. அந்த ரகக் கருவிக்கு நமது கம்பெனி அதைத் திறந்துவிட்டிருக்கவும் வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிங்கப்பூரிலுள்ள எனது கடையின் கண்ணாடி அலமாரியில் பழைய சரக்கு பதினோரு கருவிகள் கிடந்தன. 3ஜி மூடப் போகிறது என்ற அறிவிப்பு வந்த பிறகுதான், வாடிக்கைக்காரப் பெரியவர் ஒருவருக்கு அதில் ஒன்றை விற்றேன். "4ஜிதானே தம்பி?" என்றார். "ஆமாம் காக்கா" என்றேன். அது பொய்யில்லை. சில மாதம் கழித்து வந்து, "படமெல்லாம் வருது தம்பி, பேச்சுதான் போக மாட்டேங்குது. ஊர்லேர்ந்து மகள் கூப்பிட்டா மணியே அடிக்கல" என்றார். சரக்கின் குறையைச் சொல்லாமல் விற்பது நமக்கு ஆகுமா? பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றப் பத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். நஷ்டம் என்னுடையதுதான்.

கைத்தொலைபேசி விற்காதவர்களுக்கும் இது உண்டு. கார்டு தேய்க்கும் இயந்திரம், திருட்டு மணி, லாரியில் பூட்டிய வழிகாட்டும் கருவி இவற்றுள்ளும் சிம் இருக்கக்கூடும். தவணையில் வாங்குமுன், அது எந்தத் தலைமுறையில் ஓடுகிறது, அந்தத் தலைமுறை மூடினால் மாற்றித் தரும் செலவு யாருடையது என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எனது கடையில் இப்போது கருவி விற்கும் ரசீதில் "பேச்சு: 4ஜி" என்று ஒரு வரி எழுதுகிறேன். எழுதுமுன் வாங்குபவரின் சிம்மைப் போட்டு, அவர் எதிரிலேயே ஒரு தரம் பேசிப் பார்த்துவிடுகிறேன்.