இலைநோய் கூறும் கைத்தொலைபேசி

பயிரின் இலையைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்துக் காட்டினால் நோயின் பெயரைக் கூறும் செயலிகள் இப்பொழுது பல வந்துள்ளன. கமக்காரர் சிலர் அவை கூறும் பெயரை நம்பி உடனே மருந்து வாங்கித் தெளிக்கின்றனர். செயலி எவ்வாறு முடிவுக்கு வருகின்றது என்பதை அறிந்திருப்பின், அதனை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

செயற்கை நுண்ணறிவு எனப்படும் இம்முறையில், நோயின் குறிகளைக் கணினிக்கு எவரும் சொற்களாற் கற்பிப்பதில்லை. நோயின் பெயர் குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான இலைப் படங்கள் அதற்குக் காட்டப்படுகின்றன. இப்படத் தொகுதியே தரவு எனப்படுவது. எந்த நிறமும் புள்ளியும் எப்பெயரோடு சேர்ந்து வருகின்றன என்பதைக் கணினி தானே கணித்துக்கொள்ளும். பின்னர் புதிய படமொன்றைக் கண்டதும், முன்பு கண்டவற்றுள் எதனை அது பெரிதும் ஒத்திருக்கின்றது என்று கூறும். முன்பு கண்டிராத நோயாயினும், தெரிந்த பெயர்களுள் ஒன்றையே பெரும்பாலும் கூறிவிடும்.

2016 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று இதனை நன்கு காட்டுகின்றது. பிளான்ட்வில்லேஜ் என்னும் தொகுதியிலுள்ள 54,306 படங்கள் அதற்குப் பயன்பட்டன; 14 வகைப் பயிர்களும் 26 நோய்களும் அவற்றில் அடங்கும். அதே தொகுதியில் ஒதுக்கிவைத்த படங்களைக் காட்டிச் சோதித்தபோது நூற்றுக்கு 99க்கு மேல் விடை சரியாயிற்று. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபோதோ, அது ஏறக்குறைய 31 ஆக வீழ்ந்தது. தொகுதியிலுள்ளவை, தனி இலையைப் பறித்து வெறும் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். தோட்டத்திலோ நிழலும் மண்ணும் அயல் இலைகளும் படத்தில் விழுகின்றன. பின்னர் தன்சானியாவில் மரவள்ளித் தோட்டங்களிலேயே படமெடுத்துக் கணினியைப் பயிற்றினர். 2017 இல் வெளியான அம்முயற்சியில் நூற்றுக்கு 93 வரை விடை சரியாயிற்று. ஆயினும் மரவள்ளியை மட்டும் கண்ட கணினிக்கு மிளகாயைப்பற்றி யாது தெரியும்?

மிளகாய் இலைச் சுருளலையே எடுத்துக்கொள்வோம். பனிப்பூச்சி (இலைப்பேன் என்றும் கூறுவர்) சாற்றை உறிஞ்சினால் இலையோரம் மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணியாயின் கீழ்நோக்கிச் சுருளும். வெண் ஈ பரப்பும் நச்சுயிரி நோயாலும் இலை சுருளுவதுண்டு. மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் இவ்வேறுபாடு மறைந்துவிடலாம். வளர்ந்த சிற்றுண்ணி எட்டுக் கால்களையுடையது. அது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. ஆகையாற் பூச்சிநாசினிகள் பலவற்றுக்கு அது மடிவதில்லை. அதனை உண்ணும் நன்மைசெய் உயிர்கள் மடிந்து, சிற்றுண்ணி முன்னிலும் பெருகவுங்கூடும். பிழையான ஒரு பெயரால் மருந்துச் செலவும் வீணாகும், பயிரும் கெடும்.

ஆதலால், செயலி கூறும் பெயரைச் சந்தேகத்துக்குரிய ஒன்றாகவே முதலிற் கொள்ளல் வேண்டும். தளிரை வெள்ளைத் தாளொன்றின்மேல் தட்டிப் பாருங்கள். பனிப்பூச்சி இருப்பின் தாளில் ஊர்ந்து செல்லும். சிற்றுண்ணி வெறுங் கண்ணுக்குத் தெரிவது அரிது. இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதல் வேண்டும். 2018 ஆம் ஆண்டில் நமது சோளச் செய்கையைத் தாக்கிய படைப்புழுவை, தலையில் தலைகீழான ‘வை’ என்னும் ஆங்கில எழுத்துப் போன்ற கோட்டையும், வாற்பக்கத்திற் சதுரமாயமைந்த நான்கு புள்ளிகளையும் கொண்டு கண்ணாலேயே அறியலாம். இதற்குச் செயலி வேண்டியதில்லை.

படமெடுப்பதாயின், காலை வெளிச்சத்தில், இலையின் இரு பக்கங்களையும் தனித்தனியே எடுத்தல் நலம். முழுச் செடியையும் ஒரு படம் எடுங்கள். பெரிதும் வாடிய இலையைத் தவிர்த்து, நோய் தொடங்கிய இலையையும் நடுத்தரமாகப் பாதிக்கப்பட்ட இலையையும் தெரிந்தெடுத்தல் வேண்டும். திகதியும், இட்ட பசளையும், முன்பு தெளித்த மருந்தும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்தால், போகந்தோறும் அதுவே உங்கள் வயலின் தரவாகும். எந்தத் தூரநாட்டுச் செயலியிடமும் அது இராது.

செயலியின் விடையும் நீங்கள் கண்ட குறிகளும் ஒவ்வாவிடின், மருந்து வாங்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் படங்களையும் கொப்பியையும் காட்டுங்கள். திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். மாதிரி இலை கொண்டுசெல்வதாயின் செய்தித்தாளிற் சுற்றி அன்றே கொண்டுசெல்லுங்கள். நனைத்துப் பொலித்தீன் பையிற் கட்டினால் இலை அழுகி, நோய்க்குறி தெரியாமற் போய்விடும்.