சில்வியாவின் எடை

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான சிறுகோள்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் 87 என்னும் வரிசை எண் பெற்றது சில்வியா. 1866ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சென்னை வான் ஆய்வுக்கூடத்திலிருந்து நார்மன் போக்சன் இதைக் கண்டுபிடித்தார்.

தொலைநோக்கியில் சிறுகோளும் விண்மீனைப் போல ஓர் ஒளிப்புள்ளியே. ஆனால் விண்மீன்களிடையே அது இரவுக்கு இரவு இடம் மாறும். அந்நகர்ச்சியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

சில்வியாவின் சராசரி விட்டம் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். தன்னைத்தானே சுற்ற 5 மணி 11 நிமிடமும், கதிரவனைச் சுற்ற ஆறரை ஆண்டும் ஆகின்றன.

இதன் எடையை அறிவது எங்ஙனம்? 2001இல் ஒன்றும் 2004இல் மற்றொன்றுமாக இரு துணைக்கோள்கள் தென்பட்டன. ரோமாபுரிக் கதையில் ரியா சில்வியா ஈன்ற இரட்டையரின் பெயரால் அவை ரோமுலஸ், ரீமஸ் எனப்பட்டன. துணைக்கோளின் தொலைவும் சுற்றுக்காலமும் தெரிந்தால், ஈர்ப்பு விதி தாய்க்கோளின் நிறையைக் கூறிவிடும். அந்நிறையைப் பருமனால் வகுத்தபோது வியப்பான விடை கிடைத்தது: சில்வியாவின் அடர்த்தி நீரினும் சிறிதே மிகுதி! ஆகவே அது முழுதும் கெட்டிப் பாறையன்று. உள்ளே பனியும் வெற்றிடங்களும் இருத்தல் வேண்டும் என்பர் அறிஞர்.

நுங்கம்பாக்கத்தில் புள்ளியாகக் கண்ட பொருளை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின் அதன் பிள்ளைகளே நிறுத்துக் காட்டினர்!