அசையும் சுரம், அசையாச் சுருதி

புதுதில்லி சரோஜினி நகரில் வாழும் மாணவி ஒருத்தி, தன் பாட்டியிடம் கருநாடக இசை பயின்றாள். ஒரு நாள் மின்னணு விசைப்பலகையைக் கணினியுடன் இணைத்து, ஆதார சுருதியை முதலில் பதிந்தாள். அதே தடத்தில் தோடி இராகத்தை வாசித்தாள். காந்தாரத்தை அசைப்பதற்காகச் சுரம் வளைக்கும் சக்கரத்தைத் திருப்பியபோது, சுருதியும் சேர்ந்து ஆடியது.

"சுரம் அசையலாம் அம்மா, சுருதி அசையலாமா?" என்றார் பாட்டி.

இப்பிழைக்குக் காரணம் யாது?

கணினி பதிந்தது ஒலியை அன்று. 'மிடி' என்னும் கட்டளைகளையே. 1983இல் அறிமுகமான இம்முறை, எந்த விசை எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதை 0 முதல் 127 வரையிலான எண்களால் குறிக்கிறது. எனவே, மீண்டும் வாசிக்காமலே தவறான சுரத்தைத் திருத்தலாம்.

தொடக்கக்கால மென்பொருள்கள் பலவற்றில் இக்கட்டளைகள் எண்பட்டியல்களாகவே தோன்றின. 1989இல் ஸ்டைன்பர்க் நிறுவனம் வெளியிட்ட கியூபேஸ், இசைப்பகுதிகளைக் காலக்கோட்டில் கட்டங்களாகக் காட்டியது. அவற்றைச் சுட்டியால் இழுத்து நகர்த்த முடிந்தது. 1999இல் கணினிக்குள்ளேயே ஒலிக்கும் மென்பொருள் இசைக்கருவிகளும் அதில் சேர்ந்தன.

எனினும், ஒரு குறை நீடித்தது. சுரத்தை வளைக்கும் கட்டளை தனிச் சுரத்திற்கு உரியதன்று. தடம் முழுமைக்கும் உரியது. ஒரு தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தும் ஒன்றாகவே வளைந்தன. சுரம் வளையாத பியானோ இசைக்கு இது குறையன்று. கமகத்தையே உயிராகக் கொண்ட நம் இசைக்கோ பெருங்குறை. 2011இல் வெளிவந்த கியூபேஸின் ஆறாம் பதிப்பு, அதற்கேற்ற கருவிகளில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க வழிசெய்தது. 2020இல் வெளியான மிடி 2.0 அவ்வசதியைப் பொது விதியாக்கியது.

மாணவியிடம் இருந்ததோ பழைய மென்பொருள். அவள் சுருதியை வேறொரு தடத்திற்கு மாற்றினாள். சுருதி நிலைத்து நின்றது. காந்தாரம் மட்டும் அசைந்தது.

கண்மூடிக் கேட்ட பாட்டி, "இப்போது தோடி வந்துவிட்டது. இன்னும் சற்று நிதானமாக அசை" என்றார்.

சொற்பொருள்
ஆதார சுருதி – பாட்டிற்கு அடிப்படையாகத் தொடர்ந்து ஒலிக்கும் நாதம்
கமகம் – சுரத்தை அசைத்து இசைக்கும் முறை
தடம் – கட்டளைகள் செல்லும் வழி

வினாக்கள்
1. மிடி எவற்றைப் பதிவு செய்கிறது?
2. சுருதியும் சேர்ந்து ஆடியது ஏன்? மாணவி அதனை எவ்வாறு சரிசெய்தாள்?
3. பிரித்து எழுதுக: தனித்தனியே, பெருங்குறை.
4. உம் வீட்டுப் பெரியவரிடம் நீவிர் கற்ற கலை ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.