ஓடைத் தண்ணீருக்குச் சாட்சி யார்?



மதரஸாவில் தண்ணீர்ப் பாடம் ஓதியவர்களுக்கு நிறம், ருசி, வாடை என்னும் மூன்று தன்மைகள் ஞாபகமிருக்கும். ஏராளமான தண்ணீரில் நஜீஸ் விழுந்து இம்மூன்றில் ஒன்று மாறினால் அதில் ஒளுச் செய்யக்கூடாது. ஓடும் இரத்தமில்லாத சிறு பூச்சி அதில் விழுந்து செத்தால் பாதகமில்லை என்பதும் அதே பாடத்தில் வருவதே. இது வணக்கத்துக்குரிய சட்டம். உடல்நலம் வேறு விஷயம். அதற்குக் கண்ணும் மூக்கும் மட்டும் போதமாட்டா. ஆகவே அந்தச் சிறு பூச்சிகளையே இங்கே சாட்சிக்கு அழைக்கிறோம்.

நமது கடைக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சொன்ன சங்கதி இது. மழை பெய்த ஓர் இரவில் அவர்கள் ஓடையில் துர்வாடை வீசிற்று. விடிந்தபோது மீன்கள் செத்து மிதந்தன. புகார் போய், ஆள் வந்து பார்ப்பதற்குள் மூன்று நாளாயிற்று. வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் தெளிவாகத்தானே ஓடுகிறது" என்று போய்விட்டார். "பாய், பிள்ளைங்க அங்கதான் குளிக்குது, யாரை நம்புறது?" என்று பெரியவர் கேட்டார். கேள்வி நியாயமானதே.

செம்பனை ஆலையின் கழிவை எடுத்துக்கொள்வோம். அதைக் கிருமிகள் தின்னும்பொழுது தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. சுத்திகரிக்காத கழிவு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பிராணவாயுவைக் கேட்கும். இதை அடக்கவே 1977-ல் மலேசியாவில் தனி விதிகள் பிறந்தன. கள்ளத்தனமாகத் திறந்துவிட்ட கழிவு ஓடிப்போன பிறகு தண்ணீர் தெளிந்துவிடும். போத்தலில் பிடித்த தண்ணீர் அந்த நேரத்துச் செய்தியை மட்டுமே சொல்லும். ஆனால் கல்லடியில் வாரக்கணக்காகக் குடியிருந்த ஜீவன்கள் மூச்சுமுட்டிச் செத்திருக்கும். அவை மறுபடி குடியேறக் காலம் பிடிக்கும். காலியான வீடுதான் அங்கே சாட்சி.

ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்னும் இருவர் 1908, 1909-ஆம் ஆண்டுகளில் இதை ஒரு சாஸ்திரமாக வகுத்தார்கள். பிற்பாடு இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டார்கள். வயிற்றோரத்தில் செவுளும், பின்னால் பெரும்பாலும் மூன்று வால்களும் உடைய மேபிளைக் குஞ்சுகளில் சில வகைகளுக்கு 10. தட்டான் குஞ்சுக்கு 8, அட்டைக்கு 3. இரத்தப் புழுவுக்கு 2. சேற்றில் நெளியும் மண்புழு இனத்துக்கு 1. இரத்தப் புழு கெட்ட தண்ணீரிலும் பிழைப்பது ஏன்? நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் செந்நிறப் பொருளின் இனமே அதன் உடலிலும் இருக்கிறது. கொஞ்சம் கிடைத்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கண்டதுமே தண்ணீர் கெட்டதென்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நல்ல ஓடையிலும் அது உண்டு. அது மட்டுமே இருந்தால்தான் சந்தேகம். தண்ணீர்மேல் சறுக்கி ஓடும் பூச்சியையும் சாட்சியாக ஏற்க வேண்டாம். அது மேலே உள்ள காற்றைச் சுவாசிப்பது.

பார்க்கும் முறை சுலபம். மெல்லிய வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதன் முன்னாலுள்ள கல்லையும் மணலையும் ஒரு நிமிஷம் காலால் கலக்க வேண்டும். வலையில் சிக்கியதை வெள்ளை மங்கில் தண்ணீர் ஊற்றிக் கொட்டிப் பார்த்து, எத்தனை வகை என்று எண்ணிவிட்டு, ஓடையிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும். எலிக் காய்ச்சலுக்கு அஞ்சி ரப்பர் பூட்ஸ் அணிவது அவசியம். வெள்ளம் வரும் வேளையில் இறங்கவே கூடாது.

மலாக்காவின் தாழ்நிலத்து ஓடைகள் மெதுவாக, மணலும் சேறுமாய் ஓடுபவை. இங்கிலாந்து மலையோடையின் பூச்சிகளை இங்கே தேடி, கிடைக்கவில்லை என்று பழி சுமத்துவது அநியாயம். ஆகையால் ஒரே ஓடையில், கழிவு சேரும் இடத்துக்கு மேலேயும் கீழேயும், ஒரே நாளில், ஒரே மாதிரியான இடங்களில் பார்த்து ஒப்பிட வேண்டும். சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு பிராணவாயு, அம்மோனியா, மிதக்கும் தூசு முதலிய ஆறு அளவுகளைக் கொண்டது. பூச்சிகள் அதில் சேரவில்லை. நம் எண்ணிக்கை அதற்கு மாற்றாகாது. நோய்க்கிருமி உண்டா, உலோக விஷம் உண்டா என்பதையும் பூச்சி பிரித்துச் சொல்லாது. பரிசோதனைச்சாலையே சொல்ல வேண்டும். எங்கே, எப்பொழுது மாதிரி எடுக்கவேண்டும் என்று கேட்க நம் கையில் காரணம் இருக்கும், அவ்வளவே.

1991-ல் டூரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றியபோது வாளியும் கையுமாக வரிசையில் நின்ற சிறுவர்களில் நாமும் ஒருவர். அன்று தண்ணீரின் அளவைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள்.

பெரியவருடன் போன மாதம் அந்த ஓடைக்குப் போனோம். சிறு பாலத்துக்கு மேலே தட்டான் குஞ்சு, இறால், மேபிளைக் குஞ்சு எல்லாம் மங்கில் துள்ளின. கீழே இரத்தப் புழுவும் சேற்றுப் புழுவுமே. தேதி போட்டு, கடைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதியிருக்கிறோம். அடுத்த மாதமும் போவதாக இருக்கிறோம். பிள்ளைகள் இப்பொழுது பாலத்துக்கு மேலேதான் குளிக்கிறார்கள்.