பக்கவாதத்திற்குப் பிறகு மீண்டும் கார் ஓட்டலாமா?

கையும் காலும் தேறிவிட்டால் கார் ஓட்டலாம் என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் பக்கவாதத்தின் எல்லாப் பாதிப்புகளும் வெளியே தெரிவதில்லை. சிலருக்குப் பார்வையின் ஒரு பாதி மறைந்துவிடும். வேறு சிலருக்குக் கண் நன்றாகத் தெரியும். இடப்பக்கம் இருப்பதை மூளை கவனிக்காது. அவர்கள் சாப்பிட்ட தட்டில் இடப்பக்கச் சோறு மட்டும் மீந்திருக்கும். சிங்கப்பூர்ச் சாலைகளில் நடைபாதையும் பேருந்து நிறுத்தமும் அந்தப் பக்கம்தான். இந்தக் குறையை அவர்களால் பெரும்பாலும் உணர முடிவதில்லை. வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். அவர்கள் சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள்.

மீண்டும் ஓட்டத் தொடங்குமுன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள். தேவைப்பட்டால் அவர் உங்களைச் செயல்முறை சிகிச்சையாளரிடம் அனுப்புவார். டான் டோக் செங் மருத்துவமனையில் இதற்கென ஒரு திட்டம் உள்ளது. முதலில் பார்வை, கவனம், நினைவாற்றல், கை கால் வலிமை, எவ்வளவு விரைவாகச் செயல்படுகிறீர்கள் என்பவை சோதிக்கப்படும். பிறகு சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கலாம். அந்தக் காரில் பயிற்றுநர் பக்கத்திலும் பிரேக் இருக்கும்; பயம் வேண்டாம்.

"ஓட்டக்கூடாது" என்ற முடிவே எல்லாருக்கும் வருவதில்லை. சிலர் பயிற்சிக்குப் பின் ஓட்டுகின்றனர். வலக்கால் பலவீனமானவர்களுக்கு, இடக்காலால் இயக்கும் எக்சிலரேட்டரைப் பொருத்தும் வழியும் உண்டு.

65 வயது முதல், ஓட்டுநர் உரிமத்தைத் தக்கவைக்க 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை அவசியம். ஆனால் பக்கவாதமோ வலிப்போ வந்திருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கார் சாவி வேறொருவரிடம் இருக்கட்டும்.