எண்ணெய் துடைத்த நூற்கழிவு

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களில் விசைத்தறி வைத்து ஜீவனம் செய்கிறவர்களுக்கு 2012ஆம் ஆண்டின் மின்வெட்டை நான் வர்ணித்துக் காட்ட வேண்டிய அவசியமில்லை. நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே லாபமெல்லாம் கரைந்துபோன அக்காலத்தில், திருத்தணி ஆடிக்கிருத்திகைக் கடைகளிலும் சாலையோர உணவு விடுதிகளிலும் பலகாரம் சுட்டுக் கழித்த எண்ணெயை வாங்கி வந்து, அதனின்றும் உயிரி டீசல் தயாரித்து என் தறிகளை ஓட்டினேன். அது வீண் முயற்சி என்று அன்றும் நான் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. ஆனால் என் தறிக்கூடத்தின் ஒரு பகுதி தீக்கிரையான பின்னர், ஸ்பிரிட்டை வைத்துக்கொண்டு விபரீதம் செய்தான், அது வெடித்துவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அது பொய் என்பதோடு, கேட்பவர்களுக்கும் அனர்த்தம் விளைவிக்கும் பொய்; ஏனெனில் அதை நம்புகிறவர் அந்த ஸ்பிரிட்டாகிய மெத்தனாலைக் கண்டு அஞ்சி ஒதுங்குவாரேயன்றி, தம் தறிக்கூடத்து மூலையில் தினந்தோறும் சேர்ந்து கிடக்கும் மெய்யான அபாயத்தை ஒருபோதும் அறியமாட்டார்.

தயாரிக்கும் முறையை நான் விரிக்கப் போவதில்லை. எண்ணெயை வடிகட்டி, காய்ச்சி நீரைப் போக்கி, ஆறவிட்டு, அதன் அளவில் ஐந்திலொரு பங்கு மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்துச் சேர்த்துக் கலக்கி, அடியில் தங்கும் கிளிசரினை வடித்துவிட்டு, மேலே நிற்பதை நீரால் கழுவி உலர்த்தினால் காரியம் முடிந்தது. காய்ச்சும் அடுப்பும் மெத்தனாலும் ஒரே இடத்தில் இருக்கலாகாது. 100 டிகிரிக்கு மேல் காய்ந்த எண்ணெய் 55 டிகிரிக்கு இறங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். 65 டிகிரியை நெருங்கினாலே மெத்தனால் கொதித்து ஆவியாகப் பரவும். கரைப்பதற்கு அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே கூடாது. காஸ்டிக் சோடா அதை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும்.

மெத்தனாலின் சுபாவத்தை நான் தொடக்கத்திலேயே நன்கு அறிந்திருந்தேன் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். ஏறக்குறைய 12 டிகிரி உஷ்ணத்திலேயே தீப்பற்றப் போதுமான ஆவியை விடும் அத்திரவத்துக்கு, மார்கழி விடியலிலும் அவ்வளவு குளிராத நம் ஊரில், ஆபத்தற்ற பருவம் என்று ஒன்று கிடையாது. அதன் ஜ்வாலையோ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. 1981இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் கார்ப் பந்தயத்தில் ரிக் மியர்ஸ் என்ற வீரர்மீது மெத்தனால் சிந்திப் பற்றிக்கொண்டபோது, அவர் எரிந்துகொண்டிருக்கிறார் என்பதைச் சுற்றிலும் நின்றவர்கள் உடனே கண்டுகொள்ள முடியவில்லை. இவற்றையெல்லாம் அறிந்தே, உரிய அனுமதியுடன் வாங்கிய ஒரே பீப்பாயை, கிணற்றடிக்கு அப்பால், நாற்புறமும் காற்றோடும் கொட்டகையில் பூட்டி வைத்தேன். அதிலிருந்து வேறு கலத்துக்கு மாற்றும்போது, நிலைமின்சாரத்தால் பொறி எழாதிருக்க, இரண்டையும் கம்பியால் பிணைத்து எர்த் கொடுத்தேன். பீடியோ, கைபேசியோ, மோட்டார் சுவிட்சோ அருகில் வர நான் இடம் தரவில்லை. வீண் ஆடம்பரம் என்று அப்பொழுது பேசியவர்களே பின்னர் என்னை அஜாக்கிரதைக்காரன் என்றும் பேசினார்கள்.

தீ மூண்டது வேறிடத்தில். சித்திரை மாதத்து ஒரு சனிக்கிழமை, எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று சரிந்து தரையெங்கும் சிந்தியதை, தறித்தொழிலாளி ஒருவர், எல்லாத் தறிக்கூடங்களிலும் செய்வதுபோலவே, கைக்கெட்டிய நூற்கழிவை வாரித் துடைத்து, துடைத்ததை ஒரு கோணிச்சாக்கில் அழுத்தித் திணித்து, பாவு உருளைகள் வைத்திருந்த சுவரோரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றிரவு மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் மாலையிலேயே நின்று குளிர்ந்திருந்தது. உள்ளே விளக்குமில்லை, மனிதருமில்லை. நள்ளிரவுக்குப் பின் அச்சாக்கிலிருந்தே தீ எழுந்து, பாவுகளைப் பற்றி, உத்திரங்களில் படிந்திருந்த பஞ்சுத் தூசியின் வழியே கூரை நெடுக ஓடியது. மின்கசிவு என்று சொல்ல வழியில்லாமற்போகவே, ஜனங்கள் ஸ்பிரிட்டின்மேல் பழியைப் போட்டார்கள். விடிந்தபின் பார்த்தால், கொட்டகையிலிருந்த மெத்தனால் பீப்பாய் பூட்டோடு, பூச்சுக்கூடக் கருகாமல் நின்றது.

பொறியின்றித் தீ எவ்வாறு மூளும் என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லவே இதை எழுதுகிறேன். சூரியகாந்தி, சோயா முதலிய எண்ணெய்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு மெல்ல மெல்லச் சேரும் குணமுடையவை; அச்சேர்க்கையில் உஷ்ணம் பிறக்கிறது. பீப்பாயில் நிற்கும் எண்ணெய்க்குக் காற்றுப்படும் பரப்பு சொற்பமாதலால் அவ்வுஷ்ணம் நமக்குத் தெரிவதில்லை. அதே எண்ணெய் பஞ்சின் ஆயிரமாயிரம் இழைகளில் மெல்லிய படலமாகப் பரவும்போது காற்றுப்படும் பரப்பு பன்மடங்காகிறது. அதைக் குவியலாக அழுத்தி வைத்தாலோ, பிறந்த உஷ்ணம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, அவ்வுஷ்ணமே சேர்க்கையை மேலும் விரைவுபடுத்த, சில மணி நேரத்தில் பஞ்சு தானே பற்றிக்கொள்கிறது. ஈர வைக்கோலைப் போராகப் போட்டால் உட்புறம் கொதிப்பதைக் கண்ட குடியானவர்களுக்கு இது நம்பமுடியாத விஷயமாக இராது. உயிரி டீசலில் நனைந்த துணிக்கும் இதே குணம் உண்டு. பாமாயிலுக்குக் குறைவு, ஆளி விதை எண்ணெய்க்கு மிக அதிகம். 1991 பிப்ரவரி 23ஆம் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தை அழித்து, மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரையும் வாங்கிய பெருந்தீ, 22ஆம் மாடியில் மரச்சுவர்ப் பலகைகளைத் துலக்கியவர்கள் விட்டுச்சென்ற, ஆளி விதை எண்ணெய் தோய்ந்த கந்தல்களில்தான் பிறந்தது.

அந்தத் தொழிலாளியைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பணம் பெற்றுக்கொண்டு எங்களுக்கு உயிரி டீசல் தயாரிப்பைக் கற்பித்தவர், மெத்தனாலைப் பற்றி முழுப்பகல் பிரசங்கம் செய்தார். துடைத்த கந்தலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தறிக்காரர்களுக்குக் கற்பிக்க வந்தவர் அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. மூடியுள்ள தகர வாளி ஒன்றில் பாதிக்குமேல் நீர் நிரப்பி, தறிக்கூடத்துக்கு வெளியே வையுங்கள். எண்ணெய் பட்ட கழிவு எதுவாயினும், கையளவே ஆயினும், அந்த நீரில் முழுக அமுக்கப்பட வேண்டும். துணியை மறுபடி உபயோகிக்க விரும்பினால், வெளியே கொடியில் ஒற்றையாக விரித்து உலரவிடுங்கள். விரித்ததில் உஷ்ணம் தங்காது. தரையில் சிந்தியதற்கு நூற்கழிவைத் தேடாதீர்கள். மணலைப் போட்டு வாருங்கள்.

தயாரித்து முடித்த உயிரி டீசல், கழுவுவதில் சோம்பல் காட்டாவிட்டால், கடையில் வாங்கும் டீசலைவிடத் தீக்கு அஞ்சாதது. டீசல் 35 டிகிரிக்குக் கீழ் பற்றக்கூடாது என்பதே நம் நாட்டுத் தர விதி. உயிரி டீசலோ 100 டிகிரி தாண்டினால்தான் பற்றும். ஆனால் அதில் மெத்தனால் சிறிதளவு தங்கினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வடித்தெடுத்த கிளிசரினிலும் மெத்தனால் இருப்பதால் அதையும் கொட்டகையிலேயே வையுங்கள்.

இப்போது புதிதாகத் தொடங்க நினைப்பவர்களை நான் ஊக்குவிக்க மாட்டேன். மெத்தனாலை அனுமதியின்றி வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு விதிகளின்படியே குற்றம்; 2023இல் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் அது கலந்த சாராயம் குடித்து ஏழைகள் மாண்ட பிறகு, அதைக் கையிலெடுப்பவன்மேல் சந்தேகம் விழுவது நியாயமே. கழித்த எண்ணெயை உயிரி டீசலுக்குச் சேகரிக்கும் திட்டம் ஒன்றை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் நடத்தி வருகிறது. எண்ணெயை அங்கே கொடுத்துவிடலாம். ஆனால் கொடுக்கும் நாள்வரை அது உங்கள் கூடத்தில்தான் இருக்கும், சிந்தத்தான் செய்யும்.

இன்னொரு விஷயம். என் தறிகளைக் காப்பீடு செய்திருந்த நிறுவனம் முதலில் மெத்தனாலைக் காரணம் காட்டியது. பீப்பாயைக் கண்ட பிறகு, தானே சூடேறி எரிந்த பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்ற நிபந்தனையைக் காட்டியது. அந்நிபந்தனை தீக்காப்பீட்டுப் பத்திரங்களில் பொதுவாக உள்ளதுதான்; ஆயினும் தானே சூடேறியது ஒரு சாக்குக் கழிவேயன்றி என் பாவுகளும் தறிகளும் அல்ல என்ற என் வாதத்துக்கு அவர்கள் கடைசிவரை நேரான பதில் தரவில்லை. கூடுதல் பிரீமியம் செலுத்தினால் தானாகத் தீப்பற்றுவதற்கும் பாதுகாப்புச் சேர்த்துத் தருவார்கள். உங்கள் பத்திரத்தில் அது இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லையேல் எழுத்து மூலம் கேட்டுச் சேர்த்துக்கொண்டு, கூடத்தில் எண்ணெய் வைத்திருப்பதையும் அக்கடிதத்திலேயே தெரிவித்து, அதற்கு ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.