மாதுளை சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?

வாசகர் கேள்விகளுக்கு உணவியல் நிபுணரின் பதில்கள்

என் மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 8.6 தான் இருக்கிறதாம். சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிட்டாள். நானும் கட்டாயப்படுத்தவில்லை. தினமும் இரண்டு மாதுளம்பழம் ஜூஸ் போட்டுக் கொடுக்கிறேன். ரத்தம் ஊற இது போதும்தானே மேடம்?
– வாசகி, திண்டுக்கல்

போதாது அம்மா. கணக்கைப் பாருங்கள். 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்புச்சத்து சுமார் 0.3 மில்லிகிராம். இரண்டு பழத்தை உதிர்த்தால் 300 கிராம் முத்து தேறும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு மில்லிகிராமைத் தொடவில்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இருக்கிறது. அது முழுக்க உடம்பில் சேராது என்பது உண்மைதான். பழத்தில் இருப்பது மட்டும் முழுக்கச் சேர்ந்துவிடுமா என்ன?

ரத்தம் சிவப்பு, மாதுளையும் சிவப்பு. இந்த நம்பிக்கையின் வேர் அவ்வளவுதான். பழத்துக்கு நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அதற்கும் இரும்புக்கும் எந்த உறவும் இல்லை. பீட்ரூட்டுக்கும் இதே வழியில்தான் ‘ரத்த விருத்தி’ப் பட்டம் கிடைத்தது. ஆனால் சுவரொட்டி சாப்பிடச் சொன்ன பாட்டிமார் சொன்னது வேறு கதை. ஆட்டு மண்ணீரலில் நிஜமாகவே இரும்பு மிகுதி, அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் வகை. அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் நன்றாக வேகவைத்து அவ்வப்போது கொடுங்கள். சைவம் என்றால் கேழ்வரகு, எள், கீரை, பயறு வகைகள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ இருக்கட்டும். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் வைட்டமின் சி இருக்கிறது, மாதுளையில் பத்துதான். தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேர்க்க அந்த வைட்டமின் வேண்டும்.

இன்னொன்று. மாதுளையை அரிவாள்மனையில் நறுக்கினால் வெட்டுப்பட்ட இடம் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தோலில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வருகிற கறுப்பு அது. சாற்றிலும் அந்த வகைத் துவர்ப்புப் பொருள்கள் கொஞ்சம் உண்டு. அதனால் மாத்திரையை மாதுளை ஜூஸோடு விழுங்க வைக்காதீர்கள்.

இனி மாத்திரைக்கு வருவோம். மலம் கறுப்பாகப் போவது, சேராத இரும்பு வெளியேறுவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டலுக்கு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் வேண்டாம், இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும்போது போடச் சொல்லுங்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மாத்திரைக்கு மாற்றவோ, டிரிப்ஸில் இரும்பு ஏற்றவோ டாக்டரால் முடியும். ஆனால் மாத்திரையை நிறுத்திய விஷயம் அவருக்குத் தெரிய வேண்டுமே! அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே அழைத்துப் போங்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு கொஞ்சம் கூடினாலும் தாங்கும் கையிருப்பு 8.6-இல் இல்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு சொன்னது. உங்கள் வீட்டில் நடப்பது பல வீடுகளில் நடக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பழத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வாய்க்குப் பிடித்தால் சாயங்காலம் ஒரு கிண்ணம் முத்தாகவே கொடுங்கள். சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் மாதுளை மணப்பாகை மசக்கைக்குக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. அது சாற்றோடு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய பாகு. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் கூடாது. மற்றவர்களும் சித்த மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

தோல் வெளுப்பாக இருந்த மாதுளையை வாங்கி, பழுக்கட்டும் என்று அரிசி டிரம்மில் வைத்தேன். ஒரு வாரமாகியும் அப்படியே இருக்கிறது. பழம் கெட்டதா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் இல்லை. மாம்பழம், வாழைப்பழம் போலப் பறித்த பிறகு பழுக்கிற சாதி இல்லை மாதுளை. மரத்தில் எந்த நிலையில் பறித்தார்களோ அதோடு சரி. அரிசிக்குள் வைத்தால் தோல்தான் சுருங்கும்.

வெளுத்த தோலைப் பார்த்துக் காய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். ‘கணேஷ்’ ரகம் முற்றினாலும் இளஞ்சிவப்போடு நின்றுவிடும். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர்ப் பக்கமிருந்து வரும் ‘பகவா’தான் பளபளவென்று செக்கச்செவேல் என்று இருப்பது. நிறத்தை விடுங்கள், கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள். முற்றிய பழத்தில் முத்துகள் பருத்துத் தோலை உள்ளிருந்து நெருக்குவதால் பக்கங்கள் லேசாகப் பட்டை தட்டியிருக்கும். முழு உருண்டை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். தோல் காய்ந்திருந்தால் பாதகமில்லை. அமுக்கினால் மெத்தென்று போகக் கூடாது.

வருஷம் முழுக்கக் கடையில் கிடைக்கிறதே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்களா? மகாராஷ்டிரத்தில் விவசாயிகள் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி இலை உதிரவைத்து, மறுபடி பாய்ச்சி, வேண்டிய பருவத்தில் பூக்கவைக்கிறார்கள். அந்தப் பருவத்தை ‘பஹார்’ என்பார்கள். ஜனவரியில் ஒன்று, ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்.

உரிக்கச் சோம்பல் என்று ஜூஸ் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழி: மேல் கிரீடத்தை வட்டமாகச் சீவிவிட்டு, உள்ளே தெரியும் வெள்ளைச் சவ்வு ஓடுகிற வழியே தோலை மட்டும் கீறி, ஒரு பாத்திரம் தண்ணீருக்குள் வைத்துப் பிளந்து உதிருங்கள். முத்து அடியில் தங்கும், சவ்வு மேலே மிதக்கும். சட்டையும் தப்பிக்கும்.

டெல்லியில் உறவினர் வீட்டில் சாப்பிட்ட சோலேயில் புதுவிதமான புளிப்பு. ‘அனார்தானா’ போட்டோம் என்றார்கள். நம் ஊர் மாதுளையைக் காயவைத்தால் அது வருமா?
– வாசகி, மதுரை

வராது. ஒட்டிக்கொள்கிற இனிப்பு வற்றல்தான் மிஞ்சும். அனார்தானா செய்வது ‘தாரு’ என்கிற காட்டு மாதுளையில். இமாசலப் பிரதேசத்தின் சிர்மோர், சோலன் மலைச்சரிவுகளிலும் ஜம்மு மலைப்பகுதியிலும் தானாக வளர்வது. பழம் சிறிசு, புளிப்போ பல்லைக் கூசவைக்கும். அந்த முத்துகளை விதையோடு வெயிலில் உலர்த்தினால் கருஞ்சிவப்பில் பிசுபிசுவென்று ஒரு சரக்கு. வடக்கத்திக்காரர்கள் அதை லேசாக வறுத்துக் கரகரப்பாகப் பொடித்து சோலேயிலும் உருளைக்கிழங்கு பராத்தா பூரணத்திலும் சேர்ப்பார்கள். புதினாவோடு அரைத்துத் துவையலாக்குவார்கள். சாப்பிட்ட பிறகு வாயில் போடும் சூரணத்திலும் அதுதான்.

பெரிய ஊர்களில் வட இந்திய மளிகைக் கடையில் கேட்டுப் பாருங்கள். வாங்கினால் பிரிட்ஜில் வையுங்கள், நம் ஈரக்காற்றில் கட்டிப்போய்விடும். கொண்டைக்கடலைச் சுண்டலில் மாங்காய்த் துருவலுக்குப் பதில் ஒரு ஸ்பூன் தூவிப் பாருங்கள், பிரமாதம். வத்தக்குழம்பில் மட்டும் பரீட்சை செய்யாதீர்கள். அங்கே புளியை அசைக்க முடியாது.

நம் தயிர்சாதத்துக்குப் பகவா முத்தே போதும். கலந்து வைத்துவிட்டால் சாறு இறங்கி சாதம் ரோஸாகிவிடும், பரிமாறும்போது தூவுங்கள்.

எனக்கு 58 வயது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. மாதுளை ஜூஸ் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. குடிக்கலாமா?
– வாசகர், சென்னை

ஜூஸ் வேண்டாம், முத்து சாப்பிடுங்கள். 100 கிராமில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு பெரிய டம்ளர் ஜூஸுக்கு இரண்டு மூன்று பழம் போகும், கடையில் அதன் தலையில் இன்னும் சீனி. வடிகட்டும்போது விதையோடு நார்ச்சத்தும் போய்விடுகிறது. அரைப் பழத்து முத்தை விதையோடு மென்று விழுங்குங்கள். அன்றைக்கு வேறு பழம் வேண்டாம்.

மாதுளைச் சாறு ரத்த அழுத்தத்தைச் சற்றே குறைக்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரையை விட்டுவிடும் அளவுக்கு அது பெரிய இறக்கம் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் தினசரி மாதுளை ஆரம்பிக்க வேண்டாம்.

இரண்டு வயதுப் பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாதுளம்பழத் தோலைக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாமா? எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கொடுத்திருக்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

தோலின் துவர்ப்புக்காகக் கொடுத்த கைவைத்தியம் அது. இரண்டு வயதுக் குழந்தைக்கு வேண்டாம். குழந்தைக்கு ஆபத்து வருவது நீர்ச்சத்து வற்றுவதால். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து வாய்வாயாகக் கொடுங்கள். டாக்டர் சொல்லும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வேர்ப்பட்டையைக் கஷாயம் போடச் சொல்லி யாராவது வந்தால் கிட்டவே சேர்க்காதீர்கள். நாடாப்புழுவுக்கு ஒரு காலத்தில் கொடுத்தது. அதிலுள்ள ஆல்கலாய்டு அளவு மீறினால் நஞ்சு.

போக்கு நின்று பிள்ளை பழம் கேட்டால் முத்தை நசுக்கிச் சாறும் சதையுமாக ஊட்டுங்கள். முழு முத்தை இந்த வயதில் அள்ளிக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.